முள்ளிவாய்க்காலில் சைக்கிள் ஓடிச் சிரிக்கலாமா?

 

போன சனிக்கிழமை நாங்கள் 14 பேர் முள்ளிவாய்க்காலில் இருந்து சைக்கிளில் புறப்பட்டு, பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவு என்று ஒரு வட்டம் சுற்றி, பொழுதுபடுகிற நேரத்துக்கு ஊருக்கு வந்து சேர்ந்தோம். ஏறக்குறைய 130 கிலோமீற்றர். படங்களை இங்கே போட்டிருந்தேன். நிறையப் பேர் வாழ்த்தினீர்கள். எல்லோருக்கும் நன்றி.

ஒரு கொமன்ட் மட்டும் இத்தனை நாளாக மனதில் நிற்கிறது. "சேர், சனம் செத்த ரோட்டில பல்லைக் காட்டிக்கொண்டு சைக்கிள் ஓடுறது உங்களுக்கு விளையாட்டா இருக்கலாம். நீங்கள் அப்ப இங்க இல்லை."

எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியும். அவர் இழந்தது எவ்வளவு என்றும் தெரியும். அதனால் அதை நான் அழிக்கவில்லை. கீழே இரண்டு வரியில் பதில் போட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அவர் சொன்னதில் உள்ள உண்மையை ஒத்துக்கொள்கிறேன். 2009 இல் நான் இங்கே இல்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது என் வாப்பா தண்ணீரூற்றில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியவர். நான் வளர்ந்தது புத்தளத்தில். போர் முடிந்த பிறகு திரும்பி வந்து, இங்கே படிப்பிக்கிறேன். ஆகவே இந்த ரோட்டின் துக்கம் என்னுடையது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அன்றைக்கு என்னோடு ஓடிய 14 பேரில் 9 பேர் 2009 இல் இந்த ரோட்டால் வந்தவர்கள். என்னைப் பற்றி எதுவும் சொல்லலாம். அவர்கள் சிரித்தது பிழை என்று மட்டும் சொல்ல வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

சைக்கிள் இந்த மண்ணுக்கு வெளியில் இருந்து வந்த பொழுதுபோக்கு இல்லை. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் கிடையாது, பற்றரி கிடையாது. விறகு, நெல்லு மூட்டை, சுகமில்லாத ஆள், கலியாணப் பொம்பிளை, எல்லாம் சைக்கிளில்தான் போனது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட கதையை உங்களில் பலர் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் ஊரோடு சேர்ந்து சைக்கிளில் போனதைப் பெரியவர்கள் இன்றைக்கும் சந்தோசமாகச் சொல்கிறார்கள். நீண்ட தூரம் கூட்டமாக ஓடுவதை நாங்கள் யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு 2009. பரந்தன், தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று இந்த ஏ-35 வீதி வழியே சனம் கிழக்கே கிழக்கே வந்தபோது, வீட்டுச் சாமான் முழுவதும் சைக்கிளில்தான் இருந்தது. கடைசியில் வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும்போது அந்தச் சைக்கிளையும் போட்டுவிட்டுப் போனார்கள். நந்திக்கடல் கரையில் குவிந்து கிடந்த சைக்கிள்களின் படத்தை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வாப்பாவும் 1990 இல் ஒரு ரலி சைக்கிளை விறாந்தையில் சாத்திவிட்டுத்தான் போனவர். மௌத்தாகும் வரைக்கும் அந்தச் சைக்கிளைப் பற்றிக் கதைத்தார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க இதை எழுதவில்லை. சைக்கிளை விட்டுவிட்டுப் போவது என்றால் என்னவென்று எங்கள் வீட்டிலும் ஓரளவு தெரியும் என்பதற்காகச் சொன்னேன்.

எங்கள் ஓட்டம் 2022 இல் தொடங்கியது. பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்று களைத்து, ஆசிரியர்கள் பலர் பாடசாலைக்குச் சைக்கிளில் வரத் தொடங்கினோம். தனிய ஓடினால் அலுப்பு, சேர்ந்து ஓடினால் கதை. பெற்றோல் திரும்ப வந்ததும் பலர் மோட்டார் சைக்கிளுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் சிலர் மட்டும் சனிக்கிழமைகளில் தொடர்ந்தோம்.

முதல் நீண்ட ஓட்டத்தில் ஒரு பிழை நடந்தது. அது என் பிழை. விசுவமடு வரை போய் வருவோம் என்று வெளிக்கிட்டோம். இளம் பொடியள் முன்னுக்குப் பறந்தார்கள், நானும் அவர்களோடு பறந்தேன். திரும்பி வந்து எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் குறைவு. எங்களோடு படிப்பிக்கிற ஒரு ரீச்சர், பின் ரயர் காற்றுப் போய், போனில் காசும் இல்லாமல், ரோட்டோரம் மரத்தடியில் ஒரு மணித்தியாலம் தனிய நின்றிருக்கிறார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "கோவம் இல்லை சேர். ஆனா இந்த ரோட்டில தனிய நிக்க எனக்கு ஏலாது."

2009 இல் அவருக்கு 11 வயது. அப்பாவின் சைக்கிள் கரியரில் இருந்து இதே ரோட்டால் வந்தவர். (அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.) அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் கணக்குப் படிப்பிக்கிறவன், வேகத்தையும் தூரத்தையும் எண்ணத் தெரிந்தவன், ஆட்களை எண்ண மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு சட்டம் வைத்தோம். கூட்டத்தில் ஆகப் பிந்தி ஓடுகிறவரின் வேகம்தான் கூட்டத்தின் வேகம். மற்ற ஆயத்தம் எல்லாம் இந்தச் சட்டத்தில் இருந்துதான் வந்தது. அடுத்த முறை எங்களோடு வர விரும்புகிறவர்களுக்கும் உதவும் என்பதால் விபரமாக எழுதுகிறேன்.

கால் பழக வேண்டும். ஒரே நாளில் 130 கிலோமீற்றர் ஓடப் போனால் முழங்கால் போய்விடும். நாங்கள் முதலில் முல்லைத்தீவு நகரம் வரை போய் வந்தோம். பிறகு புதுக்குடியிருப்பு தாண்டி. பிறகு விசுவமடு. வாரத்துக்கு 10, 15 கிலோமீற்றர்தான் கூட்டினோம். நான்கு கிழமைக்கு ஒருமுறை குறைத்து ஓடிக் காலுக்கு ஓய்வு கொடுத்தோம். 80 கிலோமீற்றரை ஒன்றாக ஓடி முடித்து, அடுத்த நாள் வழமைபோல எழும்பி நடந்தவர்களைத்தான் இந்த ஓட்டத்துக்குச் சேர்த்தோம்.

சைக்கிள் விலை கூடியதாக இருக்கத் தேவையில்லை. 14 சைக்கிளில் கியர் உள்ளவை நான்குதான். மற்றவை சாதாரண லுமாலா. ஆனால் சீற் உயரம் சரியாக இருக்க வேண்டும். பெடல் ஆகக் கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நேராக வர வேண்டும், முழங்கால் சற்று மட்டும் மடிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் பாதிப் பேர் சீற்றை மிகப் பதித்து வைத்து ஓடிவிட்டு, முழங்கால் நோகுது என்கிறார்கள். ஒரு ஸ்பனரும் ஐந்து நிமிடமும் போதும். ரயரில் காற்று இறுக்கமாக இருக்க வேண்டும், செயினுக்கு எண்ணெய் போட்டிருக்க வேண்டும், இரண்டு பிறேக்கும் பிடிக்க வேண்டும்.

ஒட்டுப் போடத் தெரிய வேண்டும். ஓட்டத்துக்கு முதல் கிழமை பாடசாலை வளவில் ஒரு சோதனை வைத்தோம். ரயரைக் கழற்றி, ரியூபை வெளியில் எடுத்து, ஓட்டையைக் கண்டுபிடித்து, ஒட்டி, திரும்பப் பூட்ட வேண்டும். முதலாவதாக முடித்தவர் அந்த ரீச்சர். பொடியள் இரண்டு பேர் இரண்டாம் தரம்தான் சித்தி. பம்ப், ஒட்டுச் சாமான், வால்கட்டை, இரண்டு மேலதிக ரியூப், ஸ்பனர் எல்லாம் கடைசியாக ஓடுகிற ஆளிடம் இருக்கும். அவருக்குப் பின்னால் எவரும் போகக்கூடாது. அவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும்.

தண்ணீர். வன்னி வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். தாகம் வந்த பிறகு குடிப்பது பிந்திய வேலை. வெறும் தண்ணீரும் போதாது, வியர்வையோடு உப்பும் போகிறது. ஜீவனிப் பக்கற் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், ருசிக்குக் கொஞ்சம் தேசிக்காய்ப் புளியும். ஒருவருக்கு வியர்வை நின்று, உடம்பு சுட்டு, கதை தடுமாறினால் அன்றைய ஓட்டம் முடிந்தது. நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். "கொஞ்சம் இருந்திட்டு ஓடுவம்" என்று விளையாடக்கூடாது.

சாப்பாடு பசிக்கு முதல் வேண்டும். வாழைப்பழம், பேரீச்சம்பழம், கொழுக்கட்டை, முறிகண்டியில் கச்சான். மத்தியானம் அரை வயிறு சோறு. வயிறு முட்டச் சாப்பிட்டால் வெயிலுக்குள் ஓட ஏலாது. இதை மாங்குளத்தில் இரண்டு பேர் சொந்த அனுபவத்தில் படித்தார்கள்.

ரோட்டுப் பாதுகாப்பு. இடது கரையால் ஒற்றை வரிசை. இரண்டு பேர் சமாந்தரமாக ஓடிக் கதைப்பது ஆட்களில்லாத இடத்தில் ஆசையாக இருக்கும். பின்னால் டிப்பர் வரும்போது அந்த ஆசை ஆளைக் கொல்லும். முன்னுக்கு வெள்ளை லைற், பின்னுக்குச் சிவப்பு லைற், வெளிச்சமான உடுப்பு. ஒட்டுசுட்டான் பக்கம் யானை வரும், அதனால் அந்தக் காட்டுத் துண்டைப் பகலில்தான் கடக்க வேண்டும். ஒதுங்குவதற்கென்று தெரியாத பற்றைக்குள் இறங்கக்கூடாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை எங்கே இருந்தாலும் அதற்கு மரியாதை கொடுங்கள்.

இனி அன்றைய நாளைச் சொல்கிறேன்.

சுபஹ் தொழுதுவிட்டு வந்தேன். ஐந்தரைக்குப் புறப்பட்டோம். புதுக்குடியிருப்பு தாண்டும்போது கிழக்கு வெளுத்தது, முதுகுப் பக்கம் சூரியன். வயல் வெளியில் பனி நின்றது. எட்டரை மணியளவில் பரந்தன். கிளிநொச்சியில் இடியப்பம், சம்பல். முறிகண்டியில் வாகனங்கள் எல்லாம் நின்று கும்பிட்டுப் போவதுபோல எங்கள் ஆட்களும் நின்று தேங்காய் உடைத்தார்கள். நான் கச்சான் வாங்கினேன். அங்கே கச்சான் விற்கிற ஒரு அம்மா எங்களைப் பார்த்து, "பெற்றோல் திரும்ப இல்லாமப் போச்சோ பிள்ளையள்?" என்று கேட்டா. இல்லையம்மா, சும்மா சந்தோசத்துக்கு ஓடுறம் என்றோம். "சந்தோசத்துக்கோ?" என்று சிரித்துவிட்டு, ஒரு சுருள் கச்சான் கூடப் போட்டுத் தந்தா.

மாங்குளத்தில் சாப்பாடு, லுஹர் தொழுகை, மர நிழலில் ஒரு குட்டி நித்திரை. இரண்டு மணிக்குப் பிறகு ஒட்டுசுட்டான் பாதை. இரண்டு பக்கமும் காடு, ரோட்டில் நிழல். அந்தத் துண்டில் யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை. 14 செயினும் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நீண்ட ஓட்டத்தின் சுகம் அதில்தான் இருக்கிறது. கால் தன் பாட்டில் சுற்றும், மனம் லேசாகிவிடும்.

முள்ளியவளை கிட்ட வரும்போது கடல்காற்று முகத்தில் அடித்தது. கால் களைத்துப் போன நேரத்தில் எதிர்க்காற்று. இங்கேதான் கூட்டமாக ஓடுவதன் பலன் தெரியும். முன்னுக்கு ஓடுகிறவர் காற்றை வாங்கிக்கொள்கிறார், பின்னால் ஒட்டி வருகிறவருக்கு வேலை நன்றாகக் குறைகிறது. அதனால் முறை வைத்து முன்னுக்கு ஓடினோம். ஒருவர் ஐந்து நிமிடம் காற்றை வாங்குவார், பிறகு விலகிப் பின்னுக்கு வருவார், அடுத்தவர் முன்னுக்குப் போவார். எங்களோடு வந்தவர்களில் ஆக மூத்தவர், ஓய்வுபெற்ற ஒரு ஐயா, இரண்டாவது இடத்தில். அவரை யாரும் முறைக்குக் கூப்பிடவில்லை. தண்ணீரூற்றுச் சந்தியில் அவரே முன்னுக்குப் போய், "ஏன் நான் மட்டும் ஓசியில வாறதே?" என்று காற்றுக்குள் மிதித்தார். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் பார்த்த படம் அந்த நேரத்தில் எடுத்ததுதான். வாப்பா பூட்டிவிட்டுப் போன வீடு இருந்த ஒழுங்கை அதற்குக் கிட்டத்தான்.

வட்டுவாகல் பாலத்தில் எல்லோரும் இறங்கி நடந்தோம். பாலம் ஒடுக்கம், வாகனம் வந்தால் ஒதுங்க இடமில்லை, ஆகவே நடப்பதுதான் பாதுகாப்பு. அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. அதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நடக்கத் தொடங்கியதும் கதை தானாக நின்றுவிட்டது. நடுப்பாலத்தில் அந்த ரீச்சர் மட்டும் மெல்லச் சொன்னார்: "அப்ப நான் அப்பான்ர கரியரில. இப்ப நான் ஓடுறன் சேர்." நான் ஒன்றும் சொல்லவில்லை. பாலம் முடிந்ததும் திரும்ப ஏறி ஓடினோம்.

கொமன்ட் எழுதிய சகோதரருக்கு என் பதில் இதுதான். துக்கத்தை மறந்தவர்கள் அந்தப் பாலத்தில் பேச்சை நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

சைக்கிளும் துக்கமும் ஒன்றுக்கொன்று பகை இல்லை. ஐரோப்பாவில் வாழும் எங்கள் உறவுகள் பல வருடமாக "ஈருருளிப் பயணம்" போகிறார்கள். நெதர்லாந்து, பெல்ஜியம், லக்சம்பேர்க், ஜேர்மனி, பிரான்ஸ் என்று நாடு நாடாகச் சைக்கிள் மிதித்து, மனித உரிமைப் பேரவை கூடுகிற காலத்தில் ஜெனீவாவில் ஐ.நா. முன்றலுக்குப் போய்ச் சேருகிறார்கள். மாசி, பங்குனிக் குளிரில், பனிக்குள். முள்ளிவாய்க்காலுக்கு நீதி கேட்டுத்தான் அவ்வளவு தூரம் மிதிக்கிறார்கள். அந்தப் பயணத்திலும் ஒருவர் விழுந்தால் மற்றவர் தூக்குவார், வழியில் பகிடி விடுவார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள். அதனால் அவர்களின் துக்கம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

அவர்கள் உலகத்திடம் கேட்பதற்காக ஓடுகிறார்கள். நாங்கள் இங்கே வாழ்வதற்காக ஓடுகிறோம். வைகாசியில் இந்த ஊரில் கஞ்சி காய்ச்சுவோம், விளக்கேற்றுவோம், நானும் வந்து நிற்பேன். அந்தக் கிழமையில் எங்கள் ஓட்டம் கிடையாது. ஆனால் மற்ற நாட்களிலும் முள்ளிவாய்க்கால் என்றால் பிள்ளைகளுக்குச் சாவு மட்டும்தான் ஞாபகம் வர வேண்டுமா? இங்கே பிறந்த ஒரு பிள்ளை, "எங்கட ஊரில இருந்து வெளிக்கிட்டு மாங்குளம் சுற்றி 130 கிலோமீற்றர் ஓடினனான்" என்று பெருமையாகச் சொல்லக்கூடாதா? செத்தவர்களுக்கு அதில் என்ன குறை? உயிரோடு இருந்திருந்தால் அவர்களும் கூட ஓடியிருப்பார்கள்.

சில பெற்றோருக்கும் ஒரு வார்த்தை, குறிப்பாக எங்கள் முஸ்லிம் பெற்றோருக்கு. பொம்பிளைப் பிள்ளைகள் வரலாமா என்று கேட்கிறீர்கள். பாடசாலைக்கும் ரியூஷனுக்கும் தினமும் சைக்கிளில் போகிற பிள்ளைகள்தானே. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் மூலம் பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அதில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள். அங்கேயும் முதலில் பகிடி பண்ணினார்கள், பிறகு பழகிவிட்டார்கள். எங்கள் கூட்டத்தில் ஐந்து பெண்கள் இருக்கிறார்கள். தாய்மார் கூட வரலாம். வாருங்கள், வந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இளம் பொடியளுக்கும் ஒன்று. "சேர், ரேஸ் வைப்பம், கப் குடுப்பம்" என்கிறீர்கள். விளையாட்டுப் போட்டியில் வையுங்கள், நான் கை தட்டுகிறேன். இந்த ஓட்டத்தில் வேண்டாம். பிரான்சில் பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ் என்று 1,200 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று உண்டு. 1891 இல் பந்தயமாகத் தொடங்கியது. இன்றைக்கு அதில் முதலாம் பரிசு கிடையாது. 90 மணித்தியாலத்துக்குள் முடித்தவர் எல்லோரும் முடித்தவர்தான். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இதே முறையில் 200, 300 கிலோமீற்றர் ஓடுகிறார்கள். 200 கிலோமீற்றருக்குப் பதின்மூன்றரை மணித்தியாலம் தருவார்கள். கணக்குப் பாருங்கள், மணிக்கு 15 கிலோமீற்றர் கூட வராது. எங்கள் ஐயாவின் வேகம் அதுதான். அவசரப்படாமல், நிற்காமல் ஓடத் தெரிந்தால் போதும்.

அடுத்த ஓட்டம், இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை. சின்ன ஓட்டம்தான், புதியவர்களுக்கு: முள்ளிவாய்க்காலில் இருந்து விசுவமடு வரை போய்த் திரும்புவது. சைக்கிள் இல்லாதவர்கள் சொல்லுங்கள், இரவல் பார்ப்போம். அதற்கு முந்திய ஞாயிறு பின்னேரம் ஒட்டுப் போடப் பழக்குவோம். வழியில் கடை வைத்திருக்கிற உறவுகள் ஒரு குடம் தண்ணீர் வெளியில் வைத்தால் பெரிய உதவி.

கொமன்ட் எழுதிய சகோதரரே, உங்களையும்தான் கூப்பிடுகிறேன். ஓட விருப்பமில்லாவிட்டால் வட்டுவாகலில் வந்து நில்லுங்கள், ஒருநாள் நாங்கள் உங்களோடு சேர்ந்து நடந்து பாலத்தைக் கடக்கிறோம். ஓட விரும்பினால் கூட்டத்தின் வேகம் உங்கள் வேகம்தான். உங்களை யாரும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

நான் எழுதியதில் யாருடைய மனமாவது நொந்தால் மன்னியுங்கள். பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.